சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (செப்டம்பர் 5, 1888 - ஏப்ரல் 17, 1975) இந்திய மெய்யியல் அறிஞரும் பல்கலைக்கழக ஆசிரியரும் ஆவார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதலாவது குடியரசுத் துணைத் தலைவராகவும் (1952-1962) இரண்டாவது குடியரசுத் தலைவராகவும் (1962-1967) பதவி வகித்தார். இவரது பிறந்த நாளான செப்டம்பர் 5 இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்திய மெய்யியலை மேலைநாட்டு அறிஞர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். எனினும், கல்லூரியில் மெய்யியலைப் பாடமாக எடுத்தது இவர் ஆய்ந்து தெரிந்த முடிவு அன்று. உறவினர் ஒருவர் படித்து முடித்த பாடநூல்கள் விலையின்றிக் கிடைத்தமையே அதற்குக் காரணம். இவரே பிற்காலத்தில், இந்திய மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் எதை, எத்தனை ஆண்டுகள், எவ்வாறு படிக்க வேண்டும் என்று பரிந்துரைத்த ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தார்.

பிறப்பும் பள்ளிக் கல்வியும்

இராதாகிருஷ்ணன் திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில் சர்வபள்ளி வீராசாமி, சீதம்மா இணையருக்குப் பிறந்தார். சர்வபள்ளி என்பது முன்னோர் வாழ்ந்த சிற்றூரின் பெயராகும். தந்தையார் ஜமீன் ஒன்றில் வருவாய்த் துறையின் கீழ்நிலை ஊழியராக இருந்தார். அக்காலத்தில் திருத்தணி சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது ஆந்திரத்துடன் சென்ற இவ்வூர், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. தமிழ்நாடும் ஆந்திரமும் இவரைத் தத்தம் மண்ணின் மைந்தராகக் கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்தணியில் தொடக்கக் கல்வி பெற்ற இராதாகிருஷ்ணன், 1896 இல் திருப்பதியில் இருந்த எர்மன்சுபர்க் லூத்தரன் மிசன் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் வாலாசாபேட்டையிலும், அதன்பின் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் பயின்றார். படிப்புக் காலம் முழுவதும் உதவித்தொகை பெற்றே இவர் படித்தார். வேலூரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1903 இல், தூரத்து உறவினரான சிவகாமுவுடன் இவருக்குத் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் இவர்களுக்கு ஐந்து பெண்களும் ஓர் ஆணும் பிறந்தனர். மகன் சர்வபள்ளி கோபால் புகழ்பெற்ற வரலாற்றறிஞர் ஆனார்.

வேலூரில் எஃப். ஏ. எனப்பட்ட ஈராண்டு இடைநிலை வகுப்பை முடித்தபின் இராதாகிருஷ்ணன் சென்னைக்கு வந்து சென்னை கிறித்துவக் கல்லூரியில் பி. ஏ. வகுப்பில் சேர்ந்தார். இக்கல்லூரி இன்று கிழக்குத் தாம்பரத்தில் இருப்பதால் இவர் தாம்பரத்தில் படித்தார் என்று சிலர் எண்ணுவது உண்டு, இது சரியன்று. இவர் படித்த காலத்தில் கல்லூரி உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, இன்றைய பாரிமுனைப் பகுதியில் இருந்தது. தாம்பரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்.

பாடத் தெரிவு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டது. கற்பித்தலைக் கல்லூரிகள் செய்தன. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே பல்கலைக்கழகத்தின் வேலைகளாக இருந்தன. எஃப். ஏ. வகுப்பில் எல்லா மாணவரும் எல்லாப் பாடங்களிலும் தேறியாக வேண்டும். பி. ஏ. வகுப்பில் ஆங்கிலமும் இரண்டாம் மொழியும் போக, ஒரு சிறப்புப் பாடத்தை மாணவர் தேர்ந்துகொள்ளலாம். இராதாகிருஷ்ணன் முன் இருந்தவை கணிதம், இயற்பியல், உயிரியல், மெய்யியல், வரலாறு என்னும் ஐந்தாகும். வகுப்பில் அமர்ந்து பார்த்துப் பிடித்ததைக் கொள்ளும் வழக்கம் எதுவும் அந்த முறையில் இல்லை. ஈராண்டுப் படிப்பின் முடிவில் பல்கலைக்கழகம் நடத்தும் பொதுத் தேர்வே பட்டத்தை முடிவு செய்தது. தவறான பாடத்தை எடுத்துத் தவறிய மாணவர், அடுத்த தேர்வுக்கு மீண்டும் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த முறை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை அறிய அதே காலத்து மற்றொரு மாணவரை நோக்கலாம். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பில் சேர்ந்தார். அக்கல்லூரியும் அந்நாளில் கிறித்துவக் கல்லூரிக்கு அண்மையிலேயே இருந்தது. கணிதத்தில் எவரும் நெருங்க இயலாத இராமானுசன் உடலியங்கியல் முதலிய பாடங்களில் தவறியமையால் தேர்வில் தோற்றார். அடுத்த முயற்சியிலும் அவ்வாறே ஆயிற்று. அவருக்குப் பட்டமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. ஏறத்தாழ ஒரே வயதினரான இரு ஏழை மாணவர்கள், ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே விதிகளின் கீழ், ஒரே காலத்தில் படித்தனர். ஒருவர் விரும்பிய பாடத்தை மட்டும் படிக்க இயலாமல் வெளியேறினார். மற்றவர் கைக்குக் கிடைத்த பாடத்தைப் படித்து மேலே சென்றார்.

இராதாகிருஷ்ணனுக்கு எந்தப் பாடத்தின்மீதும் தனிப் பற்று இருந்ததாகத் தெரியவில்லை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் அதற்குரிய ஆங்கில நூல்களை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதே இவரது கவலையாக இருந்தது. அந்த ஆண்டு இதே கல்லூரியில் பட்டப் படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தமது பழைய நூல்களை இவருக்குக் கொடுத்தார். அவை ஸ்டவுட் எழுதிய உளவியல் கையேடு, வெல்டன் எழுதிய தருக்கவியல் நூல், மெக்கன்சி எழுதிய அறவியல் கையேடு ஆகியன. மூன்றும் மெய்யியல் பிரிவுக்கு உரியவை. அத்துடன் தெரிவு முடிந்தது.

இந்நூல்கள் உண்மையில் இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் மாணவர்களை மனத்திற்கொண்டு வெளியிடப்பட்ட வரிசையைச் சேர்ந்தவை. இலண்டன் முறையைப் பின்பற்றிய சென்னையிலும் அவையே பாடநூல்களாயின. ஆகவே, சென்னையில் மெய்யியல் படித்த மாணவர் மேலை மெய்யியலையே படித்தார். சங்கரர், இராமானுசர், மத்துவர் ஆகியோருக்கு அப்பாடத்திட்டத்தில் இடம் இருக்கவில்லை. பழைய நூல்களை நம்பிப் பாடம் எடுத்த இராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் எழுதப்போகும் பொருள் அந்த நூல்களில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தமது வாழ்வைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது இராதாகிருஷ்ணன் இந்நிகழ்வை மறைக்கவில்லை. வெளித்தோற்றத்தில் தற்செயலாகத் தெரிவன பலவும் சேர்ந்தே தம் வாழ்வை உருவாக்கின என்றும், அவற்றின் பின்னே வேறொன்று இருப்பதாகத் தாம் நம்புவதாகவும் அவர் கருத்துத் தெரிவித்துள்ளார். வறுமையே பாடத்தைத் தீர்மானித்தது என்று நேரடியாகச் சொல்வதும் தவறாகாது.

ஆய்வுரை

கிறித்துவக் கல்லூரியில் வில்லியம் ஸ்கின்னர், ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் ஆகியோர் இவருக்கு மெய்யியல் ஆசிரியர்களாக அமைந்தனர். இருவரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த சமயப் பணியாளர்கள். ஹாக் வினாக்களால் மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் ஆசிரியராக அறியப்பட்டார். இந்து சமயத்தைப் புறந்தள்ளாமல் அதன் வினைக் கொள்கையை நேர்மையாக ஆராய்ந்து, கிறித்தவ மீட்புக் கொள்கையுடன் ஒப்பிட்டுக் கல்லூரி இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன.

எனினும், மிசன் கல்வி நிறுவனங்களில் பொதுவாக இந்து சமயத்தின்மீது கடுமையான கண்டனங்கள் கூறப்பட்டன. உலகம் மாயை என்று கொள்ளும் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் இல்லை என்பது அவற்றுள் முதன்மையானது. பள்ளிப் பருவம் முதல் இவற்றைக் கேட்டு வளர்ந்த இராதாகிருஷ்ணனுக்கு அவை வேதனையையும் ஐயத்தையும் ஒருங்கே தந்தன. விமரிசனம் சரியா என்று அறியும் பொருட்டு இவர் மூல நூல்களை நாடினார். 1907 இல் பட்டம் பெற்றபின் முதுகலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வுரைக்கு, வேதாந்தத்தின் அறவியலையும் அதன் மெய்யியல் அடிப்படைகளையும் பொருளாகக் கொண்டார். மாயைக் கொள்கை உலகை வெறும் பொய் என்று தள்ளிவிடவில்லை, அதில் அறவாழ்வுக்கு உரிய இடம் உண்டு என்பது அவ்வுரையின் மையக் கருத்தாகும். 1908 இல் அது நூலாக அச்சாயிற்று. அப்போது இவருக்கு வயது இருபது.

ஆய்வுரை தமது ஆசிரியர்களின் சமயப் பார்வைக்கு மாறுபட்டதாக இருந்தமையால், ஹாக் சினம் கொள்வார் என இராதாகிருஷ்ணன் அஞ்சியதாகக் கூறப்படுகிறது. ஆனால் ஹாக் அதைப் பாராட்டி நற்சான்று அளித்தார். முதலில் எடுத்த பாடம் இவரது தெரிவாக இல்லாவிடினும், இந்த ஆய்வுப் பொருள் முழுமையாக இவரது தெரிவே. அதற்கான பாடநூலை எந்த உறவினரும் கொடுத்திருக்க இயலாது.

ஆசிரியப் பணி

1909 ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியின் மெய்யியல் துறையில் பணியமர்த்தப்பட்டார். அரசுப் பணியில் நிலைபெற ஆசிரியர் பயிற்சி தேவைப்பட்டதால் 1910 இல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். சைதாப்பேட்டை அந்நாளில் சென்னை நகர எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய ஊர். அங்குக் கற்க வேண்டிய பாடங்களுள் உளவியலும் ஒன்று. அதை இவர் ஏற்கெனவே நன்கு அறிந்திருந்தமையால், வகுப்பில் அமர்வதற்குப் பதிலாகச் சக மாணவர்களுக்கு விரிவுரையாற்றும்படி பேராசிரியர் இவரைக் கேட்டுக்கொண்டார் என்று கூறப்படுகிறது. அவ்விரிவுரைகளிலிருந்து உருவான உளவியல் அடிப்படைகள் பற்றிய சிறு நூல் 1912 இல் வெளிவந்தது. உறவினர் தந்த மூன்று நூல்களுள் ஒன்று உளவியல் நூல் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பின்னர் அனந்தப்பூரிலும் இராசமுந்திரியிலும் சிறிது காலம் பணியாற்றினார். 1918 இல் மைசூர் மகாராசா கல்லூரியில் பேராசிரியரானார். அதே ஆண்டில் இரவீந்திரநாத் தாகூரின் மெய்யியலைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1921 இல் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோசு முகர்ஜியின் அழைப்பை ஏற்று, அங்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான மெய்யியல் இருக்கையில் அமர்ந்தார். அதற்கு முன் அவ்விருக்கையில் இருந்த பிரஜேந்திரநாத் சீல் மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகச் சென்றிருந்தார். மைசூரை விட்டு இவர் புறப்பட்டபோது மாணவர்கள் மலர்களால் அணிசெய்த வண்டியில் இவரை அமர்த்தி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே தொடர்வண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர். இவரைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்வுகளுள் இதுவே மிகவும் பரவலாக அறியப்பட்டது.

இந்திய மெய்யியல் என்னும் பெருநூலின் முதல் தொகுதி 1923 இலும் இரண்டாம் தொகுதி 1927 இலும் வெளிவந்தன. சென்னைப் பாடத்திட்டத்தில் தாம் காணாத பொருளை, அடுத்த தலைமுறை மாணவருக்குப் பாடநூலாக அமையும் வடிவில் இவர் எழுதினார். இந்நூல் தொடர்பில் ஒரு வழக்கும் எழுந்தது. ஜதுநாத் சின்கா தமது ஆய்வுரையின் பகுதிகள் இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டுள்ளதாகக் குற்றஞ்சாட்டி 1929 இல் வழக்குத் தொடுத்தார். இராதாகிருஷ்ணன் அதை மறுத்து எதிர்வழக்கு இட்டார். 1933 இல் வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளப்பட்டன.

வெளிநாட்டுப் பயணங்கள்

1926 இல் இங்கிலாந்தில் நடந்த பிரித்தானியப் பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சார்பாளராகக் கலந்துகொண்டார். அப்பயணத்திலேயே ஆக்சுபோர்டு மான்செசுடர் கல்லூரியில் அப்டன் சொற்பொழிவுகளை ஆற்றினார். அவை இந்து வாழ்க்கைநெறி பற்றிய நூலாக 1927 இல் வெளிவந்தன. 1926 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த உலக மெய்யியல் மாநாட்டிலும் உரையாற்றினார்.

ஆர்வர்டு பல்கலைக்கழகம் பாடத் தெரிவு வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1869 முதல் 1909 வரை அதன் தலைவராக இருந்த சார்லசு எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்து மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்துகொள்ளும் முறையை வளர்த்தார். பிற்காலத்தில் பருவத்தின் முதல் வாரத்தில் மாணவர் பல வகுப்புகளுக்கும் சென்று கேட்டுப் பார்த்தபின் பதிவு செய்யும் வழக்கமும் அங்கு நிலவியது. அதைக் கைவிட்டு முன்பதிவு முறைக்கு மாற ஆர்வர்டு ஆசிரியர் அவை 2022 இல் முடிவு செய்தது. எலியட்டின் காலத்திலேயே சென்னையில் படித்த இராதாகிருஷ்ணனுக்கு ஐந்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை மட்டுமே இருந்தது. பொருள் வசதி இன்மையால் அதுவும் பயன்படவில்லை.

1931 இல் இவருக்குப் பிரித்தானிய அரசு சர் பட்டம் வழங்கியது. விடுதலைக்குப்பின் இவர் அதைப் பயன்படுத்துவதை விட்டார். 1936 முதல் 1952 வரை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான சுபால்டிங் பேராசிரியராக இருந்தார்.

பயின்ற கல்லூரி தாம்பரத்துக்கு மாறுதல்

பாரிமுனையின் நெரிசலில் விரிவடைய இடமின்றித் தவித்த கிறித்துவக் கல்லூரி, நகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுப் பகுதியில் நிலம் பெற்றது. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது இடமாற்றத்துக்குத் துணை செய்தது. 1937 சனவரியில் புதிய வளாகம் திறந்து வைக்கப்பட்டது. அப்போது கல்லூரி முதல்வராக இருந்தவர் இராதாகிருஷ்ணனின் ஆசிரியரான ஹாக். சேலையூர் விடுதி, புனித தோமையர் விடுதி, பிசப் ஈபர் விடுதி ஆகியவை வளாகத்தில் அமைந்தன. வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டே தாவரவியலில் ஈடுபட்ட எட்வர்டு பார்ன்சு, முட்புதராகக் கிடந்த அந்நிலத்தில் மரங்கள் வளர்க்கப் பெரிதும் பாடுபட்டார். தம் துறையை விட்டு அடுத்த துறையில் பெயர் பெற்ற ஆசிரியர்கள் தாம்பரத்தில் அரிதல்லர்.

1938 டிசம்பரில் உலகக் கிறித்தவ சமயப் பணி மன்றத்தின் மாநாடு இவ்வளாகத்தில் நடைபெற்றது. பிற சமயங்களில் இறை வெளிப்பாடு உண்டா என்னும் கேள்வி அங்கு எழுந்தபோது, டச்சு அறிஞர் என்டிரிக் கிரேமரின் இறுக்கமான நிலைப்பாட்டை ஹாக் எதிர்த்து வாதிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வேதாந்தத்தைப் பற்றிய ஒரு மாணவரின் ஆய்வுரையைப் பாராட்டியவர் அவ்வாறு வாதிட்டதில் வியப்பில்லை.

துணைவேந்தர்

1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இராதாகிருஷ்ணன், உமாயூன் கபீர், கிரேன் முகர்ஜி போன்ற இளம் அறிஞர்களை வால்டேருக்கு அழைத்து வந்தார். 1939 இல் மதன் மோகன் மாளவியாவின் வேண்டுகோளை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1948 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1942 ஆகத்துப் போராட்டத்தின்போது பல்கலைக்கழகத்தை மூடி அதைப் போர்க்கால மருத்துவமனையாக்க மாகாண ஆளுநர் முற்பட்டார். இராதாகிருஷ்ணன் தில்லிக்குச் சென்று வைசிராயிடம் முறையிட்டு அதைத் தடுத்தார். மாணவரின் படிப்பு இடையில் அறுபடாமல் காத்தது இவரது துணைவேந்தர் பணிகளுள் மிகவும் இடர் நிறைந்தது எனலாம்.

பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழு

விடுதலைக்குப்பின் உயர்கல்வியைச் சீரமைக்க இந்திய அரசு 1948 நவம்பரில் பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவை அமைத்து, அதன் தலைவராக இராதாகிருஷ்ணனை அமர்த்தியது. சாகிர் உசேன், மேகநாத் சாகா, தாராசந்த், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆகியோரும், பிரித்தானிய, அமெரிக்கக் கல்வியாளர் சிலரும் உறுப்பினர்களாக இருந்தனர். குழு நாடெங்கும் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று 1949 ஆகத்தில் அறிக்கை அளித்தது.

பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின்னரே பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்றும், முதற் பட்டப் படிப்பு மூன்று ஆண்டுகளாக இருக்க வேண்டும் என்றும் அறிக்கை கூறியது. தேர்வு நாட்கள் நீங்கலாக ஆண்டுக்கு 180 நாட்களேனும் வகுப்புகள் நடைபெற வேண்டும், ஆண்டிறுதித் தேர்வு ஒன்றையே நம்பாமல் ஆண்டு முழுவதும் செய்யும் பணியையும் மதிப்பிட வேண்டும், சிறு குழுக்களாக மாணவரை ஆசிரியர் சந்திக்க வேண்டும் என்பனவும் அதில் அடங்கும். ஊரகப் பல்கலைக்கழகங்கள் பற்றிய பரிந்துரையும் குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழு 1953 இல் அமைக்கப்பட்டு 1956 இல் சட்டத் தகுதி பெற்றதற்கு இவ்வறிக்கையே அடிப்படையாக அமைந்தது.

மாணவரின் பாடத் தெரிவைப் பொறுத்தவரை அறிக்கையின் மிக முக்கியமான பகுதி பொதுக் கல்வி பற்றியதாகும். மாணவர் இளம் வயதிலேயே ஒரு துறைக்குள் அடைபட்டுவிடுகின்றனர்; அறிவியல் மாணவருக்கு இலக்கியமும் வரலாறும், கலை மாணவருக்கு அறிவியலும் தெரியாமற் போகின்றன என்று குழு கண்டது. எனவே சிறப்புப் பாடத்துடன் பிற துறைகளின் அடிப்படைகளையும் எல்லா மாணவரும் கற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இராமானுசனை வீழ்த்திய பழைய எஃப். ஏ. முறையும் எல்லாப் பாடங்களையும் கற்பித்தது உண்மையே. ஆனால் அதன் நோக்கம் தேர்வில் வடிகட்டுவது. ஆணைக்குழு கருதிய பொதுக் கல்வியின் நோக்கம் வேறு. இவ்வேறுபாட்டைக் கல்லூரிகள் பலவும் போதிய அளவு உணரவில்லை. 1950களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் இடைநிலை வகுப்பை நீக்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பையும் ஏற்றது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வி தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டபோதுதான் நிறைவேறியது. பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே 1978 இல் தாம்பரம் கிறித்துவக் கல்லூரி தன்னாட்சி பெற்று, தன் பாடத்திட்டத்தையும் தேர்வுகளையும் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை அடைந்தது. முதன்மைப் பாடத்துடன் பிற துறைப் பாடங்களையும் பருவந்தோறும் தெரிந்துகொள்ளும் முறை பின்னர்த் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவியது. விருப்ப அடிப்படையிலான மதிப்பலகு முறைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2015 இல் நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயினும் முதன்மைப் பாடம் சேர்க்கையின்போதே, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு, ஒரு வகுப்பையும் கேட்பதற்கு முன் முடிவாகிவிடும் நிலையே தமிழ்நாட்டில் பெரும்பாலும் நீடிக்கிறது.

அரசுப் பணிகள்

1947 ஆகத்து 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய அவையில் உரையாற்றியவர்களுள் இராதாகிருஷ்ணனும் ஒருவர். 1949 முதல் 1952 வரை சோவியத் ஒன்றியத்தில் இந்தியத் தூதராக இருந்தார். அக்காலத்தில் சுடாலினை இருமுறை சந்தித்தார். 1952 இல் குடியரசுத் துணைத் தலைவராகவும் அதனால் மாநிலங்களவைத் தலைவராகவும் ஆனார். 1954 இல் இராசகோபாலாச்சாரி, ச. வெ. இராமன் ஆகியோருடன் பாரத ரத்னா விருதைப் பெற்றார். மூவரும் சென்னையில் பயின்றவர்கள். 1956 நவம்பரில் மனைவி சிவகாமு காலமானார்.

1962 மே 13 அன்று குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். இவரது ஐந்தாண்டுப் பதவிக் காலத்தில் சீனப் போரும் பாக்கித்தான் போரும் நிகழ்ந்தன. நேரு, இலால் பகதூர் சாத்திரி ஆகிய இரு தலைமை அமைச்சர்கள் பதவியில் இருக்கும்போதே மறைந்தனர். பதவியேற்ற ஆண்டில் தம் பிறந்த நாளைக் கொண்டாட விரும்பிய மாணவர்களிடம், அதனை ஆசிரியர்களுக்கு உரிய நாளாகக் கொள்ளுமாறு இவர் கேட்டுக்கொண்டார்.

இறுதிக் காலம்

1967 இல் பதவிக் காலம் முடிந்ததும் சென்னைக்குத் திரும்பி மயிலாப்பூரில் கிரிஜா என்னும் தமது இல்லத்தில் வாழ்ந்தார். அவ்வில்லம் அமைந்த எட்வர்டு எலியட்சு சாலைக்குப் பின்னர் இவரது பெயர் சூட்டப்பட்டது. 1968 இல் சாகித்திய அகாதமி இவரைத் தன் சிறப்பு உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. 1975 இல், மறைவதற்குச் சிறிது காலம் முன்பு, டெம்பிள்டன் பரிசு இவருக்கு அறிவிக்கப்பட்டது. பரிசுத் தொகை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டது. 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார். மகன் கோபால் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1989 இல் வெளிவந்தது.